அண்டாவில் ஒற்றைக் கல்

— நான் தூங்கலைன்னு எத்தனை தரம் சொல்றது? சும்மா கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன், அவ்வளவுதான்.

— ஆமா ஹுல்கர், நேத்துக் காலையில மூடின கண்ணு இன்னிக்குக் காலையில திறந்திருக்கு. ரொம்பப் பெரிய யோசனை போல.

— நேத்தா? முவத்தர், விளையாடாதே. இப்பத்தானே கிண்டுற மெஷின் சுவிட்சைப் போட்டேன்.

— சொல்றேன் கேளு தலைவியே. நீ சுவிட்சைப் போட்டது நேத்து. அதுக்கப்புறம் வெயில் ஏறிச்சு, இறங்கிச்சு, நம்ம மொஹல்லாத் தெருவே வந்து உன்னைச் சுத்திப் பார்த்துட்டுப் போச்சு. ஸும்ரத் அத்தை உன் மூக்குக்குக் கீழே விரலை வச்சு மூச்சு வருதான்னு பார்த்தா.

— என் மேல ஏன் இத்தனை ரஜாய் கிடக்கு?

— வந்தவங்க ஆளுக்கு ஒண்ணு போர்த்திட்டுப் போனாங்க. புன்யோத் கடைசியா கழுதைச் சேணத்தைத் தூக்கிட்டு வந்தான். நான்தான் தடுத்தேன்.

— அது வந்து... குளிருமேன்னுதான்.

— புன்யோத்! நீயும் இங்கதான் நிக்கிறியா? வாயில என்னத்தை அசை போடுற? சுமலாக் கூழ் அண்டாவை விட்டுட்டு ஏன்டா வந்த?

— அது வந்து... மூடியைத் திறந்தாச்சு ஹுல்கர். நவ்ரூஸ் புதுவருஷம் பிறந்தாச்சு. ஆளாளுக்குக் கிண்ணம் எடுத்துட்டு வந்து வரிசையில நிக்கிறாங்க. இந்தா, உன் பங்கு. ரொட்டியில தொட்டுத் தின்னு. சூடு இருக்கு.

— அப்படி வை. மெஷினைப் பத்திச் சொல்லு.

— ஓடிச்சு.

— எவ்வளவு நேரம்?

— நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் வந்து... நின்னிருச்சு.

— நின்னிருச்சா!

— மெதுவா பேசுடி. உங்கம்மா உள்ளே இப்பத்தான் தலையைச் சாய்ச்சா. முளைகட்டின கோதுமைப் பாலு, ஒரு நிமிஷம் கை எடுத்தா அடிப்பிடிக்கும். அவளும் நானும் ஸும்ரத் அத்தையும் தெருப் பொம்பளைங்க எல்லாரும் முறை போட்டுக் கிண்டினோம். ஒருத்தி கிண்ட, ஒருத்தி பாட, மிச்சப் பேரு சாய. இந்தா, என் உள்ளங்கையைப் பாரு. கொப்புளமா, திராட்சைக் குலையா?

— மெஷின் கிண்டியிருக்கணும்!

— அதைத்தானே நீயும் மொஹல்லா கூட்டத்துல முழங்கின. "இந்த நவ்ரூஸுக்கு எந்தப் பொம்பளையும் துடுப்பைத் தொட வேண்டாம், எல்லாரும் காலை நீட்டித் தூங்குங்க"ன்னு. ஒருத்தி மட்டும் அந்தச் சொல்லைக் காப்பாத்தினா. அசையாம காப்பாத்தினா.

— கிண்டலை நிறுத்து. தாஷ்கெண்ட் போட்டிக்கு வீடியோ? சுவிட்ச் போட்டதுல இருந்து ஒரு மணி நேரம் மனுஷக் கை படாம ஓடணும். வெட்டு ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவு நேரமாவது ஓடிச்சா?

— ஒரு மணி நேரமா? உனக்கு ஊத்தின தேநீர் ஆறுறதுக்குள்ள நின்னு போச்சு.

— போச்சு. எல்லாம் போச்சு. ஜெயிச்சிருந்தா கோடையில ஒரு மாசம் தாஷ்கெண்ட் பட்டறையில இருந்திருப்பேன். நிஜ லேத்து, நிஜ இன்ஜினியருங்க. பழைய துணி துவைக்கிற மெஷின் மோட்டாரை வச்சுக்கிட்டு மாரடிக்க வேண்டியதில்லை. அதுக்காகத்தானே இந்தக் குளிர்காலம் பூரா நாயா உழைச்சேன்!

— நாய் மத்தியானத்துல தூங்கும் தலைவியே. நீ அதுவும் இல்லை.

— வரிசையா சொல்லுங்க. எது போச்சு? பெல்ட்டா, மோட்டாரா, வெல்டிங்கா?

— அது வந்து... துடுப்புதான். பத்தவச்ச இடத்துல விட்டுக்கிச்சு.

— பார்த்தியா! உன் வெல்டிங்! எனக்குத் தெரியும். திரும்பப் பத்தவைன்னு அன்னிக்கே சொன்னேன்.

— பத்தவச்சேனே. மாமா பட்டறையில உட்கார்ந்து பத்தவச்சுட்டு இருக்கும்போதுதான் நீ போன் பண்ணின, பள்ளிக்கூடத் தக்காளிக் கூடாரத்துக்குக் குழாய் மாட்ட வாடான்னு. அங்க வந்தேன். குழாயைத் தூக்கினதும், வாலிபால் வலை அவிழ்ந்து கிடக்குன்ன. வலையைக் கட்டப் போனேன். பாதிக் கட்டுல, பழைய பேட்டரி எடுத்துட்டுப் போக வண்டி வந்திருச்சு, மூட்டையைத் தூக்குடான்ன. தூக்கினேன். நமக்கெதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் தூக்கினேன்.

— நாலு வேலை ஒரே சமயத்துல பார்க்கத் தெரியணும் புன்யோத். நான் பார்க்கலையா?

— பார்த்த தாயே, பார்த்த. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நாலையும் நல்லா பார்த்த. நாங்கதான் செஞ்சோம். அதனால கூடாரத்துக்குப் பாதிக் குழாய், ஆட்டத்துக்குப் பாதி வலை, மூட்டையில பாதி பேட்டரி. முழுசா நடந்தது ஒண்ணே ஒண்ணு, நீ எங்களைத் திட்டினது.

— திட்டினாத்தான் வேலை நடக்கும். ஒரு குழுன்னா அட்டவணை வேணும், ஒழுங்கு வேணும்.

— அட்டவணையா? உன் அறைச் சுவத்துல ஒட்டியிருக்கியே, அதுவா? அதுல பச்சை மையில ஒரு கட்டம். மேல "ஓய்வு"ன்னு போட்டிருக்கு. ஆஹா, நம்ம தலைவி மனுஷிதான்னு கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளே பொடி எழுத்துல "முவத்தரிடம் கணக்குக் கேட்க வேண்டும்"னு இருந்திச்சு.

— அது எனக்கு ஓய்வுதான். உன்கிட்ட பேசும்போது நான் உட்கார்ந்துதானே இருப்பேன்.

— கேட்டியா புன்யோத்? நான் இவளுக்கு நாற்காலி.

— நான் ஏணி. அன்னிக்குக் கூடாரத்துல என் தோள் மேல ஏறித்தான் விளக்கு மாட்டினா.

— எருமைங்களா! நான் எதுக்காக இதெல்லாம் செய்றேன்? எனக்காகவா? எங்கம்மா ராத்திரி முழுக்கக் கிண்டிட்டு மறுநாள் பட்டு ஆலைக்குப் போய் நின்னுக்கிட்டே தூங்குவா. வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒரு வருஷமாவது அவ படுக்கட்டும்னுதான் இந்த மெஷினே.

— அது சரி. அது நல்ல நினைப்புதான். அதுக்காகத்தான் நானும் உன் பின்னாடி வந்தேன். ஆனா உங்கம்மாவைப் படுக்க வைக்கிறேன்னு எங்களைத் தூங்க விடாம அடிச்ச பாரு, அதுதான் எனக்குக் கணக்கு புரியலை. அண்டாவைக்கூடக் கடைசியில மூடி போட்டு, ரஜாயைப் போர்த்தி, யாரும் தொடாதீங்கன்னு கொஞ்ச நேரம் விடுறாங்க. அப்பத்தான் பதம் வருமாம். எங்களுக்கு எவ மூடி போட்டா?

— சரி, சரி. எனக்குப் பசிக்குது. கொடு அந்தக் கிண்ணத்தை. தின்னுட்டே பேசலாம். புன்யோத், நீ போய் அந்த உடைஞ்ச துடுப்பை எடுத்துட்டு வா, எப்படி உடைஞ்சிருக்குன்னு... ஆ! அம்மா, பல்லு!

— என்னடி?

— கல்லு! என் கிண்ணத்துல கல்லு!

— அடி யோகக்காரி! அண்டா முழுக்க ஒத்தக் கல்லு, அது உன் கிண்ணத்துலயா விழணும்? கல்லு கிடைச்சவளுக்கு நினைச்சது நடக்கும். வாயைத் திறக்காம வேண்டிக்கோ.

— வேண்டுறதா? இதுல எப்படிக் கல்லு வந்திச்சு? கல்லே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? துடுப்புக்கும் அண்டாவோட அடிக்கும் நடுவுல சிக்கும்னு படம் போட்டுக் காட்டினேனா இல்லையா?

— காட்டின. நாங்க பிறந்ததுல இருந்து ஆளுக்கு ஒரு கல்லைக் கழுவி, எதையாவது வேண்டிக்கிட்டு, அண்டாவுக்குள்ள போடுவோம். கல்லு கிடந்து உருண்டாத்தான் அடிப்பிடிக்காது. இந்த வருஷம் தலைவி தடை போட்டா. ஸும்ரத் அத்தை கால்வாய்ல இறங்கிப் பொறுக்கிட்டு வந்த கல்லையெல்லாம் தலைவியே பிடுங்கித் தன் கோட்டுப் பையில கொட்டிக்கிட்டா. குழந்தைங்க கையைக்கூட விரிச்சுப் பார்த்தா. எல்லைச் சாவடியில உஸ்பெக் போலீசும் கிர்கிஸ் போலீசும் சேர்ந்து பார்த்தாலும் அப்படிப் பார்க்க மாட்டாங்க.

— அப்போ வெல்டிங் தப்பில்லை! எவளோ கல்லைப் போட்டிருக்கா, அது சிக்கித்தான் துடுப்பு உடைஞ்சிருக்கு!

— அது வந்து... அப்போ என் வெல்டிங் நல்ல வெல்டிங்கா?

— நீ சும்மா இரு. யாரு போட்டது? ஸும்ரத் அத்தையா?

— அவ கிட்டேயே வரலை. நீ கல்லைப் பிடுங்கின கோபத்துல வீட்டுக்குப் போயிட்டா. மெஷின் நின்ன சத்தம் கேட்டுத்தான், சிரிச்சுக்கிட்டே, துடுப்போட வந்தா.

— அப்போ எங்கம்மா?

— உங்கம்மா மாவு சலிச்சுட்டு இருந்தா. விட்டுருடி ஹுல்கர். சுமலாக் நல்லா வந்திருக்கு. தின்னு.

— விடறதா? என் ஒரு மாசப் பட்டறையைக் கெடுத்தவங்களை விடறதா? இதோ சொல்றேன், கேட்டுக்குங்க. கல்லைப் போட்டது யாரா இருந்தாலும் சரி, சொந்தமா இருந்தாலும் சரி, அவங்களுக்கு இனி இந்தக் குழுவுல இடம் கிடையாது. ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறீங்க? முவத்தர், நீயா?

— நானா? எனக்குக் கல்லைத் தூக்கக் கையில தெம்பு எங்க இருந்திச்சு?

— அது வந்து... நான்தான்.

— புன்யோத், வாயை மூடு.

— இல்லை முவத்தர், நமக்கெதுக்கு. நான்தான் போட்டேன் ஹுல்கர். தெரியாம போட்டுட்டேன். நான் குழுவை விட்டுப் போயிடறேன். எனக்கும் ஆட்டுக்குப் புல்லு அறுக்கிற வேலை கிடக்கு.

— நீ! வெல்டிங்கும் சரியில்லை, கல்லும் போட்ட! சின்ன வயசுல இருந்து என் கூடவே சுத்தினவன்! ஏன்டா? எங்கிருந்து எடுத்த கல்லை?

— அது வந்து... உன் கோட்டுப் பையில இருந்துதான்.

— கோட்டை நான் கழட்டவே இல்லையே! இப்பவும் போட்டிருக்கேனே! நான் நின்னுட்டு இருக்கும்போது என் பைக்குள்ள கையை விட்டா எனக்குத் தெரியாதா?

— அது வந்து... நீ கொஞ்சம்... கண்ணை...

— பொய்! உன் காது சிவந்திருக்கு. பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். யாரைக் காப்பாத்துற?

— போதும் புன்யோத். பாவம் பார்த்தது போதும். நீயும் போயிட்டா இவளை எவன் தோள்ல தூக்குறது? சொல்றேன் கேளு தலைவியே. நேத்து வீடியோவை எங்க வச்சு எடுக்கச் சொன்ன?

— அண்டாவுக்கு எதிர்ல, முக்காலியில. மெஷினும் நானும் தெரியற மாதிரி.

— தெரிஞ்சீங்க. ரெண்டு பேரும் நல்லாவே தெரிஞ்சீங்க. என்ன நடந்தாலும் கடைசி நாள் சாயங்காலத்துக்குள்ள தாஷ்கெண்டுக்கு அனுப்பியே ஆகணும், வெட்டினா வெளியே தள்ளிருவாங்கன்னு சொல்லி என் கையில சத்தியம் வாங்கினியா இல்லையா?

— ஆமா. கடைசி நாள்... ஐயோ, நேத்தா?

— நேத்து. நீ குறட்டை விட்டுட்டு இருந்த. அனுப்பிட்டேன்.

— நின்னு போன மெஷினையா அனுப்பின? முவத்தர்!

— சொன்னதைச் செஞ்சேன். ஒழுங்கு வேணும்ல குழுன்னா? அனுப்பினப்புறம் உட்கார்ந்து பார்த்தோம், அப்பத்தான் தெரிஞ்சுது. இந்தா போனு. கீழே போடாம பிடி. இதோ சுவிட்சைப் போடுற. மெஷின் சுத்துது.

— சுத்துதே! என்ன அழகா சுத்துது! புன்யோத், பாருடா, ஆடக்கூட இல்லை!

— அது வந்து... வெல்டிங்.

— இதோ கொட்டாவி விடுற. திரும்ப விடுற. நின்னுக்கிட்டே ஆடுற, கம்பத்துல கட்டின துணி மாதிரி. இப்போ கையைப் பாரு.

— என் கை என்ன?

— எங்க போகுதுன்னு பாரு.

— பைக்குள்ள... இல்லை. இல்லை, குளிருக்குக் கையை உள்ளே விட்டிருப்பேன்... ஐயோ.

— கல்லோட வருது வெளியே. ஊதுற. கோட்டுல துடைக்கிற. கண்ணை மூடுற, நாலு வயசுல மூடின மாதிரியே. டப்புன்னு அண்டாவுக்குள்ள. ரெண்டு சுத்து. அதோ கேட்குதா, துடுப்பு முனகுறது? நீ அதைக்கூடக் கேட்கலை. அப்படியே பின்னால நகர்ந்து கட்டில்ல விழுந்துட்ட.

— அது... பழக்கம். வருஷா வருஷம் போட்ட கை, தானாப் போயிருச்சு. எனக்கு ஞாபகமே இல்லை, சத்தியமா.

— அது வந்து... யாருக்குக் குழுவுல இடம் கிடையாதுன்னு சொன்ன?

— சும்மா இருடா! கல்லைப் போட்டேன், ஒத்துக்கறேன். ஆனா வேண்டினது நிச்சயம் நம்ம குழுவுக்காகத்தான் இருக்கும். நம்ம ஜெயிக்கணும்னு, பட்டறைக்குப் போகணும்னு. வேற என்ன வேண்டப் போறேன்? கொஞ்சம் பின்னால தள்ளிப் போடு... கண்ணை மூடுறப்போ வாய் அசையுது பாரு. என்ன சொல்றேன்?

— சத்தத்தைக் கூட்டுறேன். தாஷ்கெண்ட்ல எல்லாரும் கேட்டிருப்பாங்க, நீயும் கேளு.

— "...அல்லாவே, இந்த மெஷின் நின்னு தொலையணும். எங்கம்மாவும் மத்தவங்களும் கிண்டட்டும். நான் கொஞ்ச நேரம் தூங்கணும்."