படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு கார்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரே நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஒர்க்‌ஷாப் பிள்ளைகளே, மெக்கானிக்கின் மனைவி மக்களே, எல்லோருக்கும் வணக்கம். நடுநாற்காலியில் இருக்கும் சங்கத் தலைவர் என் கொழுந்தனார். மூன்று வருடமாக அவரோடு எனக்குப் பேச்சில்லை. சபை மரியாதைக்காக அவருக்கும் வணக்கம்.

நம்மை விட்டுப் போனவரை ‘பொறுங்க மெக்கானிக்’ என்றுதான் ஊரே கூப்பிட்டது. எதற்கெடுத்தாலும் பொறுங்க என்பார். அந்தப் பொறுமையை என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் இங்கே யார்?

என் வீட்டுக்காரரின் பழைய கார், அவர் போனதிலிருந்து பத்தொன்பது வருடம் ஷெட்டில் கிடந்தது. மகளுக்குப் பிரசவம் பார்க்க நான் போயிருந்த மூன்று மாதத்தில், ஷெட் கதவை அடைத்து, பக்கத்திலிருக்கும் தன் வீட்டு மாடிக்குப் படிக்கட்டு கட்டிக்கொண்டார் கொழுந்தனார். கேட்டேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “ஓடாத வண்டிக்கு வழி எதுக்கு அண்ணி? ஓடட்டும், படிய நானே இடிக்கிறேன்.” ஒரு எழுத்தைக்கூட நான் மறக்கவில்லை.

அன்றே மெக்கானிக்கை அழைத்தேன். என் சமையலறை வழியாகத்தான் ஷெட்டுக்குள் நுழைய முடியும். பதினாலு மாதம் அப்படித்தான் வந்து போனார். ரேடியேட்டரைப் பாத்திரத் தொட்டியில் கழுவினார். டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருந்தது. சீட்டுக்குள் எலி பேரன் பேத்தி எடுத்திருந்தது. மருமகன் புது பேட்டரியோடு வந்து, இன்றைக்கே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று குதித்தார்.

“பொறுங்க தம்பி. இறுகிக் கெடக்கிற இன்ஜின முறுக்கினா உள்ளயே ஒடஞ்சிடும்.”

பிளக்குகளைக் கழற்றி, நாலு துளையிலும் எண்ணெய் விட்டுப் பத்து நாள் காத்திருந்தார். பிறகு கையால் ஒரு விரற்கடை திருப்பினார். மறுநாள் இன்னொரு விரற்கடை. யாருக்கு வரும் அந்தக் கை?

ஒரு காலையில் கார் உறுமியது. புகை போக ஜன்னல் வழியே குழாய் மாட்டியிருந்தார். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நகர்த்திக் காட்டினார். அதற்குமேல் சுவர்.

சத்தம் கேட்டுக் கொழுந்தனார் இறங்கி வந்தார். வண்டி ஓடுகிறதா என்று மெக்கானிக்கைத்தான் கேட்டார். இவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் கொஞ்சம் வேல இருக்குங்க.”

சபையோரே, எனக்குப் பொறுக்கவில்லை! இவர் ஒர்க்‌ஷாப் இருப்பது கொழுந்தனார் இடத்தில். உண்மையைச் சொன்னால் மறுநாளே காலி செய்யவேண்டும். ஏழு குடும்பம் அதை நம்பி இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிலிருந்து மெக்கானிக்குக்கு நான் டீ கொடுக்கவில்லை.

அவரும் கேட்கவில்லை. ஆனால் வாரம் தவறாமல் வந்தார். நிறுத்திப்போட்டால் இன்ஜின் மறுபடி இறுகிவிடுமே! கால் மணி நேரம் ஓட்டுவார். ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே. தலை நிமிராமல் போய்விடுவார். அந்த வண்டிக்கும் அவருக்கும் உலகம் அவ்வளவுதான். கடைசியாக வந்த அன்று அடுப்பு மேடையில் சாவியை வைத்தார்.

“அன்னிக்கு எனக்கு வாய் வரலம்மா.”

அப்போதும் நான் டீ போடவில்லை. அந்தப் பாவம் என்னோடு.

பிள்ளைகளே, உங்களுக்கும் அதே இடம், அதே பயம். ஒருவரும் சாட்சிக்கு வரவேண்டாம். என் வீடு என் பெயரில் இருக்கிறது. என்னைக் காலி செய்யச் சொல்ல ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன்: வண்டி ஓடுகிறது. அவர் விட்ட வேலையை இனி வாரந்தோறும் நான் செய்வேன்.

கொழுந்தனாரே, நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்கிறேன். கடப்பாரையைப் படியோரம் சாத்தி வைத்திருக்கிறேன்.