கிள்ளின கன்று

பஸ்ஸில் அடுத்தவர் கதையைக் கேட்பது கூடாத பழக்கம். எனக்கு அது உண்டு. அஜின்கோர்ட் நிறுத்தத்தில் ஏறி எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர், காலநிலையைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"எங்கட கஞ்சா பூத்திட்டுது."

மற்றவர் சுற்றிலும் பார்த்தார். "மெல்லக் கதையுங்கோ அக்கா."

"ஏன்? இந்த நாட்டில சட்டப்படி வீட்டுக்கு நாலு கன்று வளர்க்கலாம்தானே. என்ர மனிசன்ர கான்சர் நோவுக்குத்தான். பின்வளவு கிறீன்ஹவுஸில, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில வைச்சவர்."

"பூத்தால் நல்லதுதானே?"

"எங்க நல்லது! மிளகாய்க் கன்றுக்குச் செய்யிறமாதிரி, கிளை விடட்டும் எண்டு நாலின்ர நுனியையும் கிள்ளிவிட்டிட்டார். உது வளர்ந்தாலும் வளராட்டியும் குறிச்ச நாளில பூக்கிற சாதியாம். கிள்ளினால் திரும்ப வளர அதுக்கு நேரமில்லை. ஒரு சாண் உயரத்திலயே பூத்து நிக்குது."

"ஐயோ. அண்ணை கவலைப்பட்டவரோ?"

"ஸ்டூலைப் போட்டு அதுக்கு முன்னால கனநேரம் இருந்தார். பிறகு உள்ள வந்து சம்பந்தி வீட்டுக்குப் போன் எடுத்தார். தனக்குச் சுகம் வந்தாப்பிறகுதான் மகளின்ர கலியாணம் எண்டு ஒற்றைக்காலில நிண்ட மனிசன், வாற மாதமே வைப்பம் எண்டிட்டார்."

மூத்தவர் மணியை அடித்தார்.

"இஞ்ச ஏன் இறங்கிறியள்?"

"கலியாணத்துக்கு அவருக்குச் சேட் எடுக்க. இருக்கிற சட்டையெல்லாம் இப்ப தொளதொளவெண்டு கிடக்கு."

"கொஞ்சம் பெரிசா எடுங்கோ அக்கா. உடம்பு தேறும்."

"இல்லை. இண்டைக்கு இருக்கிற அளவுக்குத்தான் எடுக்கப்போறன்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.