காவேரியின் தட்டில் கூடிப்போன உப்பு

நமக்கு முன்பே பனி வந்து இடம்பிடித்துவிட்ட இந்த அரங்கில், அவைக்குத் தலைமை தாங்கும் விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர், பெரியவர் ராஜேந்திரன் அவர்களே. பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் விழாக் குழுவினரே. குளிரைப் பொருட்படுத்தாது வந்திருக்கும் மூத்தோரே. கிளியூரிலிருந்து ஜீப்பிலும் ஒண்டிக்கடையிலிருந்து கால்நடையாகவும் வந்து, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வீட்டுச் சமையல் போட்டிக்கு இரண்டாம் ஆண்டாக என்னை நடுவராக அழைத்திருக்கிறீர்கள். வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் வாழ்த்த வரவில்லை. சென்ற ஆண்டு இதே மேடையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு வைத்த பொருள், விருந்துத் தட்டின் ஓரத்தில் வைக்கும் சுட்ட உருளைக்கிழங்கு. விடுதிக்கு வருகிறவர்கள் விரும்பிக் கேட்பது. வீட்டுப் பாத்திரத்தில்தான் செய்ய வேண்டும், கிழங்கு சொந்தக் காட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று விதித்தோம். வெல்பவருக்கு நம் தலைவரின் விடுதியில் சமையல் வேலை.

எட்டுப் பேர் வந்தார்கள். எட்டாவதாக வந்தவர் கிளியூர்க் காவேரி. கணவரை இழந்தவர். மலர் என்று ஆறு வயதில் ஒரு மகள். அந்த வேலை கிடைத்தால் மகளோடு மலையிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் தாய் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு, மகள் அத்தை வீட்டுக்கு. இது அன்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் சமைத்ததைப் பார்த்தீர்களா? நீள வாக்கான கிழங்காகப் பொறுக்கினார். தோலைச் சீவவில்லை. கிழங்கின் இரு பக்கமும் இரண்டு மரக்கரண்டிகளைப் படுக்க வைத்து, நடுவில் கத்தியை இறக்கினார். கத்தி கரண்டியில் முட்டி நின்றது. கிழங்கின் அடி அறுபடவில்லை. தாள் தாளாக நறுக்கிய பிறகும் கிழங்கு ஒரே கிழங்காக இருந்தது! தண்ணீரில் ஊறவிட்டுத் துடைத்தார். நசுக்கிய பூண்டு, தன் வேலியோரம் காய்த்த மிளகு, உப்பு, வெண்ணெய் எல்லாவற்றையும் குழைத்து இடுக்கெல்லாம் பூசினார்.

ஓவன் இல்லாமலா என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார்கள். ஓவன் எதற்கு அம்மா? கனத்த இரும்புச் சட்டி. அடியில் மணல், மூடிமேல் தணல். தணல், வேரோடு பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடியின் கட்டை. பாதி வேக்காட்டில் திறந்து, விரிந்த இடுக்குகளில் இன்னொரு முறை வெண்ணெய் தடவினார். ஒரு மணி நேரம் கழித்து மூடியை எடுத்தபோது கிழங்கு விசிறியாய் விரிந்திருந்தது. விளிம்பெல்லாம் பொன்னாய் முறுகியிருந்தது. அப்படியொரு அழகை எந்த விடுதியின் மேசையிலும் நான் பார்த்ததில்லை.

வாயில் வைத்தேன். உப்பு! கண்ணில் நீர் வரும் உப்பு.

ருசி பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏன் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"புதுக் கெழங்குங்க மேடம். ஊர்ல சாமிக்கு வெக்கறதுக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்குதுங்க. அதுக்கு முன்னால எங்க ஊட்டுல வாயில வெக்க மாட்டமுங்க."

நான் வேதியியல் படித்தவள், கல்லூரியில் கற்பிப்பவள், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. "மதிப்பெண் போடப்போவது நான் அம்மா, உங்கள் சாமி இல்லை" என்றேன்.

அரங்கம் சிரித்தது. அதோ, பின்வரிசையில் இப்போதும் யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள் தம்பி, உங்கள் மேல் குற்றமில்லை. எல்லோரும் சிரிக்கத்தான் அன்று அதைச் சொன்னேன். முதல் வரிசையில் அம்மாவின் சேலைப் பையை மடியில் வைத்திருந்த மலரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. மதிப்பெண் தாளில் "அலட்சியம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எது அலட்சியம்? போட்டிக் குழு எட்டுப் பேருக்கும் பொதுவாகக் கொடுத்தது, உப்புச் சேர்த்த கடை வெண்ணெய். காவேரி பழகியது வீட்டில் கடைந்த வெள்ளை வெண்ணெய் என்று பிறகுதான் அறிந்தேன். வெண்ணெயிலேயே உப்பு இருக்கும் என்று அவருக்குச் சொன்னவர் யார்? நாங்கள் சொன்னோமா? மற்ற சமையலுக்குப் போடுகிற அளவு உப்பைத்தான் இதற்கும் போட்டார். இன்னொன்றும் சொல்கிறேன். வேறு சிலருடைய கிழங்குச் சாக்குகளில் சேலம் மண்டிச் சீட்டு தைத்திருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. நாம் போட்ட விதியையும் தன் வீட்டு விதியையும் ஒருசேரக் காப்பாற்றப் போனவர் ஒருவர். அவரைத்தான் நான் மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பஸ் நிலையத்தில் காவேரியைப் பார்த்தேன். கையில் ஒரு பை. மலர், தன் அத்தை அம்மாசியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், அவர் திருப்பவில்லை. கிட்டே வந்தார்.

"சாமிக்கு வெச்ச பொறவு, அதே வெண்ணெய வாங்கி, அதே மாதிரி சுட்டுத் தின்னு பாத்தனுங்க மேடம். உப்பு நொம்பக் கூடத்தானுங்க. நீங்க போட்ட மார்க்கு சரிதானுங்க."

சேலம் பஸ் புறப்பட்டது. வளைவு வளைவாக அது இறங்கி மறையும்வரை மலர் அழவில்லை. மறைந்த பிறகு அழுதாள். அந்த அழுகையை என்னால் இன்றுவரை எந்த விளக்கம் கொண்டும் நிறுத்த முடியவில்லை.

மதிப்பெண் சரி. காவேரியே சொல்லிவிட்டார். ஆனால் சரியான மதிப்பெண்ணோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு உரிமை தந்தது யார்? ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் வெண்ணெயின் கதை வெளியே வந்திருக்கும். வேறு வெண்ணெய் கொடுத்து, இன்னொரு கிழங்கு சுடச் சொல்லியிருக்கலாம். மூட்டையில் கிழங்கு இருந்தது! சட்டியில் தணல் இருந்தது! மாலையில் நேரம் இருந்தது! எனக்குத்தான் பொறுமை இல்லை.

தலைவர் அவர்களே, சென்ற ஆண்டு வென்றவர் நான்கே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது. காவேரியை அழையுங்கள் என்று இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். கை தட்டுகிறீர்கள், நன்றி. தலைவர் தலையசைக்கிறார். மேடையில் அசைகிற தலைகள் கீழே இறங்கியதும் மறந்துபோவதைப் பல விழாக்களில் பார்த்தவள் நான். அதனால் இப்போது நம்பப் போவதில்லை. வேலை உத்தரவைக் கண்ணால் பார்த்தபின் நம்புகிறேன்.

நேற்று காவேரியோடு தொலைபேசியில் பேசினேன். மலர் இப்போதெல்லாம் தன்னோடு போனில் பேச மறுக்கிறாள் என்றார். வேலை கிடைத்தால் வருவீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் இரைச்சல். அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்:

"நெசமாக் கூப்புட்டா வர்றனுங்க. மறுக்கா மேடையேத்திச் சிரிக்கறதா இருந்தா வேண்டாமுங்க."

இந்த ஆண்டின் தட்டுகள் அந்த மேசையில் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வேறொருவர் மதிப்பெண் போடட்டும். என் தாளை எழுதாமலே தலைவரிடம் திருப்பித் தருகிறேன்.

இவ்வளவு நேரம் குளிரில் அமர்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. காவேரியின் அந்தக் கடைசிச் சொல்லைச் சிரிக்காமல் கேட்டதற்கு இன்னொரு நன்றி. வணக்கம்.