கமாண்டன்ட் ஓர்லா டெவெனி காத்த வலையும் காத்த படையும்

ஷானன் ஆற்றங்கரையில் நிமிர்ந்து நிற்கும் ஆத்லோன் பாசறையின் அரணே, வலை காத்த வீரமே, படை காத்த பரிவே, முப்பத்திரண்டு ஆண்டுக் காலம் பச்சைச் சீருடைக்குப் பெருமை சேர்த்து இன்று பணிநிறைவு காணும் கமாண்டன்ட் ஓர்லா டெவெனி அவர்களே, வணக்கம்.

புகழத் தொடங்கினால் தாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். தங்களைப் பார்த்துச் சொன்னால் நடுவில் மறுப்பீர்கள். ஆதலால் நடந்த ஒன்றை அவையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம்.

அவையோரே, பதினான்கு ஆண்டுகளுக்கு முன், தென் லெபனானில் ஒரு குன்றின் மேல் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட அமைதிகாப்புக் காவல்நிலைக்கு இவர் கேப்டன். அயர்லாந்துப் பெண்கள் ஹாக்கி அணியின் இரண்டாம் கோல்கீப்பரும் இவரே. இரண்டாம் கோல்கீப்பர் என்றால் கவசம் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர். ஒன்பது ஆண்டுகளில் களமிறங்கியது ஆறே ஆட்டம்.

டப்ளினில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் நெருங்கிற்று. குன்றின் மேல் ஹாக்கி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தவர்களெல்லாம் கால்வே, கிளேர் பக்கத்து ஹர்லிங்காரர்கள்; ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை ஆகாயத்தில் பறக்கவிட்டு அடிக்கும் அயர்லாந்து ஆட்டம். அவர்களுக்கு மூத்தவர் சார்ஜண்ட் மாலக்கி கோகன்.

"குனிஞ்சே ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா, கேப்டன்? ஏதோ தொலைச்சவங்க தேடுற மாதிரில்ல இருக்கு" என்றார் கோகன்.

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் எனக்கு ஒரு கோல் போடட்டும், சார்ஜண்ட். அப்புறம் பேசலாம்."

கேட்கவேண்டுமா? தினமும் காலைத் தேநீருக்கு முன் மணல்மூட்டைகளுக்கு நடுவே இவர் நிற்பார். அவர்கள் வரிசைகட்டி விளாசுவார்கள். முதல் வாரம் உடம்பெல்லாம் கன்றிப்போயிற்று. ஆறாம் வாரம் ஒரு பந்தும் உள்ளே நுழையவில்லை. விடுப்புத் தாளைக் கோகனே கொண்டுவந்து நீட்டினார். "போய்ட்டு வாங்க. உக்காந்தே திரும்பி வந்துடாதீங்க."

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில், கொட்டும் மழையில், முதல் கோல்கீப்பர் முழங்கால் பிசகி விழுந்தார். இவர் இறங்கினார். ஒன்றுக்கு ஒன்று என்று சமனாகி, ஷூட்-அவுட்டுக்குப் போயிற்று. பந்தோடு ஒருத்தி தனியே ஓடிவருவாள். அவளுக்கு எட்டே வினாடி. எதிரே கோல்கீப்பர் மட்டும். அங்கே குன்றின் மேல், காவலில் இல்லாத அத்தனை பேரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எதிரணியின் கடைசி வீராங்கனை வந்தபோது அயர்லாந்து ஒரு கோல் முன்னிலை. அவள் இடம் காட்டி, வலம் திரும்பி, பந்தைத் தோளுயரத்துக்குத் தூக்கி அடித்தாள். தரையோடு வரும் பந்துக்குப் பழகிய கோல்கீப்பராக இருந்தால் படுத்திருப்பார். இவர் கை மேலே பறந்தது. கையுறை நுனியில் பட்ட பந்து கம்பத்தைத் தாண்டி மழைக்குள் போய் விழுந்தது.

கோகன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "பாத்தீங்களாடா, அது ஹர்லிங்குடா!"

அன்று மாலையே பயிற்சியாளர் கான்லத் பிரேடி இவரைத் தனியே அழைத்தார். "உலகக் கோப்பைக்கு நீதான் முதல் கோல்கீப்பர். உங்க மேலதிகாரிகிட்ட பேசிட்டேன், விட்டுடறாங்களாம்."

குன்றுப் பணி முடிய இன்னும் பத்து வாரம் இருந்தது; உலகக் கோப்பையோ அதற்கு முன்பே. அந்த வாரந்தான் பள்ளத்தாக்கில் மறுபடி குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"முப்பத்தெட்டுப் பேர நான் கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டு வரணும்" என்றார் இவர்.

"இது திரும்பக் கிடைக்காது, ஓர்லா."

"தெரியும்."

உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தன்று, குன்றின் மேல், தொலைக்காட்சியில் நாட்டுப்பண் தொடங்கியதும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோகன் இரண்டு குவளைத் தேநீரோடு பின்னால் போனார்.

"போயிருக்கலாம், கேப்டன். நாங்க சமாளிச்சிருப்போம்."

"சமாளிச்சிருப்பீங்க. எனக்குத்தான் அங்க கால் நின்னிருக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, என் இடத்துல நிக்கிற பொண்ணு எப்படித் தடுக்கிறான்னு பாப்போம்" என்று உள்ளே வந்தார். ஆட்டம் முடியும்வரை எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் இவர்தான்.

அந்தப் பத்து வாரத்தில் காவல்நிலைச் சுவரில் இரண்டு முறை குண்டு விழுந்தது. இரண்டு முறையும், சைரன் ஒலிக்குமுன்னரே அத்தனை பேரையும் பதுங்கறைக்குள் இறக்கிவிட்டார். டப்ளினில் விமானத்திலிருந்து முப்பத்தெட்டுப் பேரும் தம் காலால் நடந்து இறங்கினார்கள். அவர்களுள் பதினொருவர் இன்று இந்த அவையில் இருக்கிறோம்; இம்மடலை எழுதியதும் நாங்களே.

கமாண்டன்ட் அவர்களே, வரும் ஞாயிறன்று கார்க் நகரில், ஐம்பது வயது கடந்தோர் அணிக்காகத் தாங்கள் வலை காக்கப்போவதை எங்களிடம் மறைத்தீர்கள். தங்கள் கணவர் டெர்மட் மறைக்கவில்லை. பேருந்து பேசியாயிற்று. காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். எழுபது வயதுக் கோகன் முன்னிருக்கையைப் பிடித்துவிட்டார்.

நோயற்ற உடலும், நோகாத முழங்காலும், நெடிய நல்வாழ்வும் பெற்றுத் தாங்கள் நீடு வாழ்க. ஞாயிறன்று வெல்க.

அன்பும் ஆரவாரமுமாய்,
ஆத்லோன் பாசறையின் அதிகாரிகள், வீரர்கள், சமையற்கூடத்தார்