மாமனாரின் பதிமூன்றாம் நாள் விருந்து

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், செயலாளர் சார். என் மனைவி ஷியாமளா சங்கத்தில் வந்து முறையிட்டதில் எனக்கு வருத்தமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்மானியுங்கள்.

காளிகாட்டில் நாங்கள் இருவரும் சமையல் கான்ட்ராக்ட் நடத்துவது உங்களுக்குத் தெரியும். கல்யாணம், சீமந்தம், காரியம் எல்லாம் எடுப்போம். 2004-இல் ஆர்டர் படுத்துவிட்டது. இணையத்தில் தேடினால் ஹவுரா சேஷாத்ரிதான் முதலில் வந்தார். நாங்கள் நான்காம் பக்கத்தில் இருந்தோம். அதுவரை யார் வருவார்கள்?

எங்கள் வெப்சைட்டை மாற்றி எழுதினேன். "கொல்கத்தாவில் தமிழ்ச் சமையல் தேடும் கொல்கத்தா தமிழர்களுக்கு, கொல்கத்தாவின் தமிழ்ச் சமையல்" என்று ஆரம்பித்தேன்.

"ஏன்னா, ஜுரத்துல பிதற்றினாப்ல இருக்கே" என்றாள் ஷியாமளா.

மனிதர்களுக்காக எழுதவில்லை என்று விளக்கினேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்தோம்.

தேடுபொறிக்குப் புதுச் செய்தி வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. சமைத்த ஒவ்வொரு விருந்தைப் பற்றியும் வீட்டுக்காரர் பெயரோடு எழுதிப் போட்டேன். மளமளவென்று ஏறியது காரியச் சமையலைப் பற்றி எழுதியதுதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் நம் ஆட்கள் அசாத்திய ஆரோக்கியமாக இருந்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஊரார் பெயரை எடுத்துக்கொள்வது அநாகரிகம். அதனால் என் மாமனார் மஹாதேவனின் பதிமூன்றாம் நாள் விருந்தை எழுதினேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் ரிடையரானவர், நாலு பேருக்குத் தெரிந்தவர். அவருக்குப் பிடித்த பால் பாயசத்தையும் மறக்காமல் சேர்த்தேன். ஒரே வாரத்தில் முதலிடம். போன் ஓயவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனன் ஜெய்ராம் அதைப் படித்துவிட்டான். தன்னிடம் மறைத்துவிட்டோம் என்ற கோபத்தில் போன்கூடச் செய்யாமல், மொட்டையடித்துக்கொண்டு அழுதபடி வந்து இறங்கினான். கதவைத் திறந்தவர் மாமனார்.

"என்னடா, திருப்பதி வழியா வரயா?"

பிறகு அவரும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். "எல்லாருக்கும் இலை போட்டிருக்கேள் மாப்பிள்ளை, எனக்குத்தான் இல்லை" என்றார். தங்கமான மனிதர்.

"ஏன்னா, அப்பா உசிரோட இருக்கார். எடுத்துடுங்கோ" என்று ஷியாமளா கெஞ்சினாள். எடுக்கத்தான் உட்கார்ந்தேன். முதலிடத்தில் இருப்பதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தை மாத முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்று விட்டேன்.

மாமனார்மேல் எனக்குப் பிரியம் அதிகம். போன வாரம் அவருக்குக் கடும் ஜுரம் என்று ஷியாமளா அழுதபோது, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். இனி எதையும் எடுக்க வேண்டியிருக்காது, தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று.