அன்னாசிச் சட்னியில் முந்திரி

அன்னாசி நன்றாகப் பழுத்திருந்தால் சட்னிக்கு வெல்லம் அதிகம் வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். வினிகரும் சுக்கும் வற்றல் மிளகாயும் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறினால் போதும். நாங்கள் புனேயில் இந்த நிக்டிப் பகுதிக்குக் குடிவந்து முப்பது வருடங்களாகின்றன. எந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக் கோழி ரோஸ்ட் இந்தச் சட்னி இல்லாமல் மேசைக்கு வந்ததில்லை.

மருமகள் டானியாவுக்கு முந்திரி ஆகாது என்றார்கள். பெண் பார்க்கப் போன சமயத்திலேயே, நான் ஆசையாக முந்திரி போட்டுச் செய்து கொண்டுபோன கேக்கைத் தொடாமல் தள்ளிவைத்தாள். நான் இருபத்தாறு வருடம் டீச்சராக இருந்தவள். வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளில் யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவள் முகத்தில் மட்டும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

அவள் வந்த பிறகு என் அடுக்களையில் முந்திரி டப்பா இல்லாமல் போயிற்று. மகன் ஷிபின் மிக்ஸி ஜாரை என் கண்முன்னாலேயே இரண்டாம் தடவை கழுவுவான். ஒருநாள் அவளுடைய ஆபீஸ் தீபாவளிப் படத்தைப் பார்த்தேன். கையில் முந்திரியில் செய்யும் காஜு கத்லிப் பெட்டி. கேட்டேன்.

"மத்தவங்களுக்குக் குடுத்தேன் மம்மி. நான் சாப்பிடல."

பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கும் பதிலை நான் நம்புவதில்லை.

அதனால் இந்த வருடம் ஒரு கைப்பிடி முந்திரியை விழுதாக அரைத்துச் சட்னியில் கலந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல் கேட்டாள்.

"மம்மி, இதுல காஜு இல்லதான?"

"வெறும் பழந்தாம்மா. நல்லா போட்டுக்க."

சிறிது நேரத்தில் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. ஷிபின் அவள் கைப்பையைத் தரையில் கவிழ்த்துத் தேடினான். மூச்சு முட்டினால் தொடையில் குத்திக்கொள்ள அதில் ஓர் ஊசி வைத்திருப்பாள். அவசரத்துக்கு உதவுமென்று, குத்தும் விதத்தை எனக்கும் சொல்லித் தந்திருந்தாள்.

"ஏ கிருபா, அந்த ஊசியப் பாத்தியா?" என்று அலறினார் என் கணவர் மோசஸ்.

"நான் எங்க பாத்தேன்" என்றேன்.

அது என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. ஆராதனை முடிந்து வந்து அவள் உடை மாற்றப் போனபோது எடுத்து வைத்தேன். ஊசி பக்கத்தில் இருந்தால் உடனே குத்திக்கொள்வாள். அப்புறம் உண்மை எப்படித் தெரியும்? நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. நடிப்பென்றால் தானே நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது.

ஷிபின் என்னைப் பார்க்க வர மாட்டேன் என்கிறானாம். நீங்கள் அவனைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். டானியா பொய்க்காரி இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். அவள்மீது எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவளை நான் மன்னித்துவிட்டேன்.