முரசுமோட்டை விமானத் திறப்பு விழாவில் பிள்ளையின் வாயில் துணி வைத்தது பற்றி

பெயர் ஆறுமுகம் ராஜரத்தினம். வயது அறுபத்தொன்று. வசிப்பிடம் முரசுமோட்டை, கிளிநொச்சி மாவட்டம். ஓய்வுபெற்ற தபாலதிபர். தற்போது ஊர் விமானக் காட்சிச்சாலைக் குழுவின் செயலாளர்.

எமது குழு இதுவரை எடுத்த தீர்மானங்களில் தலையாயது, விமானத்தின் மூக்கு மேற்கு நோக்கி இருக்க வேண்டும் என்பதாகும். அந்தத் தீர்மானத்துக்கு மூன்று கூட்டங்களும் ஒரு ராஜினாமாவும் தேவைப்பட்டன. விமானத்தை எமக்கு அனுப்பியவர் இவ்வூரில் பிறந்து எண்பத்தாறாம் ஆண்டு கனடா சென்ற யோகநாதன் ஆவார். அது எஞ்சின் கழற்றப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்ட, காற்றாடி பூட்டிய பழைய பயணிகள் விமானம். தெற்குப் பார்த்து வைத்தால் யமனின் திசை என்று சிலர் ஆட்சேபித்தபோது யோகநாதன் தொலைபேசியில், "அண்ணை, அது பிளேன், பிரேதம் இல்லை" என்றார். அப்போது கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த விமலேஸ்வரி, "எந்தப் பக்கம் திருப்பி வைச்சாலும் அது எங்கட பக்கம்தானே வரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதன் பின்னர் மேற்கு என்று முடிவாயிற்று.

மேற்படி விமலேஸ்வரி, ஐந்து வயதுப் பிள்ளையொன்றைத் தூக்கிச் சென்று வாயில் துணி திணித்துக் கொல்ல முயன்றார் என்று கடந்த சனிக்கிழமை கைதாகி, வவுனியாவில் விளக்கமறியலில் இருக்கிறார். அவர் அவ்வாறு செய்யவில்லை என்று சொல்வதற்காக நானாகவே இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்துள்ளேன்.

சனிக்கிழமை காலை திறப்பு விழா நடந்தது. யோகநாதனும் அவருடைய மகள் தேனுகாவும் தேனுகாவின் மகனும் வந்திருந்தார்கள். அந்த மகனே முறைப்பாட்டில் சொல்லப்படும் பிள்ளை. எஞ்சின் இல்லாத விமானத்தைப் பார்த்தால் சனத்துக்கு ஒரு உணர்ச்சியும் வராது என்று யோகநாதன் கருதியதால், யதுர்ஷன் என்ற ஒலியமைப்பாளரைக் கொழும்பிலிருந்து அழைத்து, விமானத்தின் வயிற்றுக்குள் நான்கு பெரிய ஒலிபெருக்கிகள் பூட்டியிருந்தார். எந்தச் சத்தம் போடப்படும் என்று குழு கேட்கவில்லை. ரிபனின் நிறம் பற்றிக் கேட்டிருந்தது.

ஐயர் பூசையை முடித்த பின்னர் யோகநாதன் யதுர்ஷனுக்குக் கையைக் காட்டினார். அதன் பின்னர் கிபிர் வரும் சத்தம் கேட்டது. கிபிர் என்பது யுத்த காலத்தில் எமது பகுதியில் குண்டு போட்ட விமானம். யதுர்ஷன் இணையத்தில் அகப்பட்ட விமானச் சத்தங்களில் மிகத் தெளிவானதை எடுத்ததாகப் பின்னர் கூறினார். சத்தம் தெளிவாகவே இருந்தது.

அதன் பின்னர் நான் நிலத்தில் குப்புறப் படுத்திருந்தேன். படுப்பதென்று நான் தீர்மானித்ததாக ஞாபகம் இல்லை. பந்தலில் இருந்தவர்களில் முப்பது வயதைக் கடந்த எல்லோரும் படுத்திருந்தார்கள். ஐயர் மணியுடன் இறக்கைக்குக் கீழே கிடந்தார். கதிரைகளும், வாத்தியக் குழுப் பிள்ளைகளும், கனடாவிலிருந்து வந்தவர்களும், யதுர்ஷனும் மட்டும் நின்றார்கள். இது பூசையின் ஒரு பகுதி என்று எண்ணிய யோகநாதன் ஒலிவாங்கியில், "சனம் எல்லாம் விழுந்து கும்பிடுது, சத்தத்தைக் கூட்டும் தம்பி" என்றார். அதன் பின்னர் சத்தம் கூட்டப்பட்டது.

அவ்வேளை எனக்குப் பின்புறம் விமலேஸ்வரியின் குரல் கேட்டது. "கடி ராசா, இறுக்கிக் கடி. இல்லாட்டிக் காது போயிடும்" என்று அவர் சொன்னார். பிள்ளை அழுததும் கேட்டது.

சத்தம் நின்ற பின்னர் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போக வெட்டிய வாய்க்காலில் விமலேஸ்வரி பிள்ளையின் மேல் கவிந்து கிடந்தார். அவருடைய சேலைத் தலைப்பு பிள்ளையின் பற்களுக்கிடையில் இருந்தது. பிள்ளையின் முழங்காலில் உரசல் காயம் இருந்தது. தேனுகா ஓடிவந்து, "என்ர பிள்ளையைக் கொல்லப் பாக்கிறா" என்று கத்தி, விமலேஸ்வரியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். விமலேஸ்வரி எதிர்க்கவில்லை. தேனுகாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நிக்காதை பிள்ளை, படு. அது திரும்பி வரும்" என்றார். அதன் பின்னர் பொலிசார் வந்தனர்.

பிள்ளையை அவர் வலுக்கட்டாயமாகத் தூக்கியதைக் கண்டீரா என்று என்னிடம் கேட்கப்பட்டது. காணவில்லை. என் முகம் மண்ணில் இருந்தது. விழாவுக்கு வந்த வேறு பலரையும் விசாரித்தேன். அவர்களும் மண்ணையே கண்டதாகக் கூறுகிறார்கள்.

குண்டு விழும்போது வாயை மூடியிருந்தால் காதுச் சவ்வு கிழியும் என்பதால், துணியையோ தடியையோ கடித்துக்கொண்டு படுப்பது எமது பகுதி வழக்கம். சிறு பிள்ளைகளுக்கு அதைப் பெரியவர்கள் செய்துவிடுவார்கள். இது பிள்ளையின் மூச்சை அடைப்பதற்குச் செய்யப்படுவதில்லை. அன்று என் சால்வையும் என் வாயில் இருந்தது. அதில் பல் பட்ட கிழிசல் உள்ளது. சால்வையை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

விமலேஸ்வரிக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்கப்பட்டது. இப்போது இல்லை என்று பதிலளித்தேன்.

தேனுகாவை நேரில் சந்தித்து மேற்படி வழக்கத்தை விளங்கப்படுத்தவும், அவர் முறைப்பாட்டை மீளப்பெற விரும்புகிறாரா என்று கேட்கவும் பொலிசார் எனக்கு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னவை சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. இவற்றில் நான் அறிந்து பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஆ. ராஜரத்தினம்

பதிந்த அலுவலரின் குறிப்பு: சால்வை ஒன்று பாரமெடுக்கப்பட்டது. முறைப்பாட்டாளர் தேனுகா தனது மகனுடனும் தந்தையுடனும் நேற்றிரவு விமானத்தில் கனடா திரும்பிவிட்டார். சந்தேகநபரின் விளக்கமறியல் அடுத்த தவணை வரை நீடிக்கப்பட்டுள்ளது.